ஏதோ சின்னதாக ஒன்று

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை அவ்வளவு நன்றாக இல்லை. எலும்பும் தோலுமான கதை. தூக்கிக்கொண்டு வருவதற்கே வெட்கமாக இருந்தது. பாதி வழியில் போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். நானாகத் தேடிப் போகவும் இல்லை. மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். ஒரு படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏழாவது வரிசையில் இது படுத்துக் கிடந்தது. அசையாமல் கிடந்ததால்தான் என்னால் பிடிக்க முடிந்தது.

(குறிப்பு: எங்கள் பக்கத்தில் வேட்டையிலிருந்து திரும்புகிறவன் இப்படித்தான் பேசுவான். தூரத்தில் பெரிய மான் ஒன்றை வீழ்த்திவிட்டு வந்திருப்பான். ஆனால் ஊருக்குள் வந்து நெருப்போரம் பேசாமல் உட்கார்ந்துகொள்வான். யாராவது போய், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்க வேண்டும். "நான் எதுக்கு லாயக்கு, ஒண்ணும் பாக்கல. ஏதோ சின்னதா ஒண்ணு" என்பான். கேட்டவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டப் போவார். 'சின்னது' எவ்வளவு சின்னதோ, கறி அவ்வளவு பெரியது. மறுநாள் கறி சுமக்கப் போகிறவர்களும், இந்த எலும்பு மூட்டைக்கா எங்களை இவ்வளவு தூரம் இழுத்துவந்தாய் என்று அவனைத் திட்டித் தீர்ப்பார்கள். அதற்கு நன்றி என்று பொருள். ஒருவனைப் புகழ்ந்துவிட்டால் நாளைக்கு அவன் நம்மை ஏவ ஆரம்பிப்பான் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு வரும்.)

ஆக, முதல் பத்தியில் நான் காட்டியது வழக்கமான பணிவா, அல்லது கதை நிஜமாகவே மோசமா என்பதை உங்களால் சொல்ல முடியாது. தேர்வாளர் இப்பிங்கேயாலும் சொல்ல முடியவில்லை. அதுதான் கதை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அடித்தவற்றையும் விட்டுவைத்திருக்கிறேன். எங்கள் மண்ணில் போனவர் தடத்தை யாரும் துடைப்பதில்லை.

தொடக்கம் ஒன்று: "கலஹாரியின் சிவந்த சூரியன் ஆதி மனிதர்களின் நிலத்தின்மீது மெல்ல..."

வேண்டாம். எங்களைப் பற்றிய எல்லா எழுத்திலும் சூரியன் இப்படி முதல் ஆளாக வேலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு ஒரு நாளாவது விடுப்பு கொடுப்போம். ஆதி மனிதர்களும் அன்றைக்கு வரவில்லை. வந்தவர்கள் ஐந்து தேர்வர்கள், ஒரு தேர்வாளர், நான், காற்றுப் போன டயருடன் ஒரு வண்டி.

தொடக்கம் இரண்டு: "சான் மக்களின் பாரம்பரியத்தில் வேரூன்றி, நாளைய வேலைவாய்ப்பை நோக்கிச் சிறகு விரிக்கும் நமது தொழிற்பயிற்சி மையம்..."

இது என் வரி அல்ல. வெளியார் சான் என்று அழைக்கும் எங்களுடைய சும்க்வே ஊரின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்றின் சுவரில் எழுதியிருக்கிறது. வேரும் சிறகும் ஒரே பிராணிக்கு எப்படி வாய்த்தன என்று யாரும் கேட்டதில்லை. பாடத்திட்டம் தலைநகரில் தயாரானது. தடம் பார்த்தல், தீக்கோழி முட்டையோட்டு மணி கோத்தல், கட்டை கடைந்து நெருப்பு உண்டாக்கல். கடைசிப் பாடத்துக்கு முன்னால் தீத்தடுப்புப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். படிவம் வந்து சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும் என்பதால் அந்தப் பாடத்தைப் படத்தில் நடத்துகிறார்கள். கூடத்தின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. அவர் எங்கே போனார் என்று மணலில் தடம் பார்த்துக் கண்டுபிடிப்பதே முதல் வாரப் பாடம் ஆகிவிட்டது. அதில் எல்லோரும் தேர்ச்சி.

பாருங்கள், இப்படியே போனால் இது எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கான பக்கமாகிவிடும். அங்கே எதையும் யாரையும் கிண்டல் செய்து எழுதி எழுதித்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. இந்தக் கதையில் ஏற்படும் சேதத்துக்கும் அந்தப் புத்திதான் காரணம்.

தொடக்கம் மூன்று: "பணிவைப் பற்றிய எழுத்துத் தேர்வில் டீகாவ் பத்துக்குப் பத்து வாங்கினாள். பணிந்து பேசியதற்காகச் செய்முறைத் தேர்வில் தோற்றாள்."

இது நல்ல வரி. இரண்டு பக்கமும் கூர். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். இது எனக்கு எந்த நேரத்தில் தோன்றியது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் சொல்லாமல் தப்பிக்க வழி கிடைத்தால் தப்பித்துவிடுவேன்.

3

இனி பாத்திரம். இங்கேதான் எனக்குக் கை நடுங்குகிறது. [நடுங்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு நடுங்கும் என்று கேள்வி.]

எங்கள் பெண் ஒருத்தியைக் கதையில் கொண்டுவந்தால், சுருக்கம் விழுந்த முகத்தையும் ஞானம் நிறைந்த மௌனத்தையும் கேட்பார்கள். டீகாவிடம் இரண்டும் கையிருப்பு இல்லை. வயது முப்பத்தெட்டு. ஏதோ ஒரு கால்பந்து அணியின் சாயம்போன சட்டை. மௌனம் என்பது அவள் வாயில் புகைக்குழாய் இருக்கும்வரைதான்.

என் பெயர் காஷே.* அவளுடைய தாத்தா பெயரும் காஷே. எங்களிடம் பெயர் ஒன்றானால் உறவும் ஒன்று. இருவரில் யார் மூத்தவரோ அவர்தான் உறவு என்ன என்று முடிவு செய்வார். எனக்கு இருபத்திரண்டு. ஆகவே அவள் முடிவு செய்தாள்: நான் அவளுடைய தாத்தா, அவள் என் பேத்தி. தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் என்ன சொல்லியும் கேலி செய்யலாம். அந்த உரிமையை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. விடுமுறைக்கு நான் ஊர் வந்து இறங்கியதும் மணலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள். "தலைநகரச் சாப்பாடு ஒத்துக்குது போல, தாத்தா. நீ ஒருத்தன் நடந்தா ரெண்டு பேர் போன தடம் விழுது" என்றாள்.

(*எங்கள் பெயர்களில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் உண்டு. இந்த எழுத்தில் அவற்றுக்கு இடமில்லை. வாசிக்கும்போது வசதியான இடத்தில் ஒரு 'டொக்' போட்டுக்கொள்ளுங்கள்.)

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சுற்றுலா முகாம் ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். தடம் பார்த்து வழிகாட்ட ஒரே ஓர் ஆள் வேண்டும். சான்றிதழ் இருந்தால்தான் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மையத்தில் தேறிய மற்றவர்களுக்கு வேறு முகாம்களில் இடம் பேசியாகிவிட்டது. இந்த இடம் டீகாவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், படிவத்தைத் தவிர. கிடைக்காவிட்டால் அவள் மறுபடி தொலைவில் க்ரூட்ஃபோன்டெய்ன் நகரத்தை ஒட்டிய பண்ணை வீட்டுச் சமையலறைக்குப் போக வேண்டும். ஏற்கனவே ஆறு வருடம் அங்கே பாத்திரம் கழுவியிருக்கிறாள். மகள் கோரேவுக்கு எட்டு வயது. எங்கள் மொழியிலேயே முதல் மூன்று வகுப்புகள் நடத்தும் பள்ளி ஊரில் இருக்கிறது. பண்ணைக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளியும் இல்லை. எனவே கோரே இங்கே, அம்மா அங்கே, கிறிஸ்துமஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பண்ணையைப் பற்றி அவள் கேலியாகக்கூட எதுவும் சொன்னதில்லை. அவள் கேலி செய்யாத ஒரே இடம் அது.

4

திங்கட்கிழமை காலை செய்முறைத் தேர்வு. முறை எளிது. தேர்வாளர் விடியும்போதே போய் மணலில் தடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் குச்சியால் வட்டம் போட்டு வைப்பார். தேர்வர்கள் ஒவ்வொருவராக வந்து, எது போனது, எப்போது, என்ன செய்துகொண்டு போனது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பத்தடி தள்ளி மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

தேர்வாளர் இப்பிங்கே வடக்கிலிருந்து வந்தவர். இந்தக் கதைக்கு ஒரு கெட்டவன் கிடைப்பான் என்று அவரை ஆவலுடன் பார்த்தேன். ஏமாற்றிவிட்டார். மென்மையான மனிதர், தடங்களை மிதித்துவிடக் கூடாதென்று கால்விரலில் நடந்தார். என்னிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்க வேண்டும், சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது.

முதல் நான்கு வட்டங்கள் சில்லறை. முள்ளம்பன்றியை டீகாவ் முள்ளம்பன்றி என்றாள், ஆமையை ஆமை என்றாள். சின்னதைச் சொல்வதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

ஐந்தாவது வட்டத்தில் பாதி அழிந்த ஒரு குழிவு மட்டும் இருந்தது. அவளுக்கு முன்னால் வந்த நான்கு ஆண்களில் இருவர் கழுதைப்புலி என்றார்கள், ஒருவர் நாய், இன்னொருவர் யோசித்துவிட்டு மறுபடியும் கழுதைப்புலி. டீகாவ் குனிந்தாள். வட்டத்தைச் சுற்றி வந்தாள். ஒரு தடவை, ஒரே தடவை, வலப்பக்கத்துப் புதரைப் பார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் நின்று தலையைச் சொறிந்தாள்.

"ஒண்ணும் பெருசா தெரியல தாத்தா. என் கண்ணும் சரியில்ல. ஏதோ சின்னதா ஒரு பூனை போயிருக்கும்."

மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து, புதருக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். மற்ற மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் மொழிபெயர்த்தேன்: பெரிதாக எதுவும் தெரியவில்லை, கண் சரியில்லை, சின்னப் பூனை. சேர்க்கவில்லை. குறைக்கவில்லை.

இப்பிங்கே இன்னொரு முறை கேட்கச் சொன்னார். கேட்டேன். இந்த முறை அது எலியாகச் சுருங்கியது. நான்கு ஆண்கள் தவறவிட்டதை அவர்கள் முன்னாலேயே இவள் கண்டுபிடித்திருக்கிறாள். அதை மறுபடி மறுபடி கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? மூன்றாம் முறை அது காற்று அடித்து விழுந்த குழி என்று முடிந்தது. இப்பிங்கே பெருமூச்சு விட்டு எழுதினார்.

ஏழாவது வரிசை இதுதான்: 'விடையைத் தன்னம்பிக்கையுடனும், தன் சொந்தத் திறனாகவும் எடுத்துரைக்கிறார்: 20.' பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யம். அடியில், 'இன்னும் தகுதி பெறவில்லை. மறுதேர்வு வியாழன்.'

வண்டிக்கு டயர் மாற்றும்போது அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அது சிறுத்தை. ஒரு மான்குட்டியைக் கவ்வி இழுத்துட்டுப் புதருக்குள்ள போயிருக்கு. இழுத்த கோட்டுக்கு நான் வட்டமே போடல. அந்தம்மா கண்ணு நேரா அங்க போச்சு, நான் பாத்தேன். ஆனா கண்ணு போனதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

அவர் கையிலேயே அவருடைய பாடநூலும் இருந்தது. அதில் நான்காம் பாடம்: 'வேட்டைக்காரர் தன் வேட்டையைக் குறைத்துப் பேசுவதன் சமூகப் பயனை விளக்குக.' அதற்கு டீகாவ் வாய்மொழியாகச் சொன்ன விடையைப் போன வாரம் நான்தான் எழுதிக்கொடுத்தேன். பத்துக்குப் பத்து.

5

தப்பிக்க வழி கிடைக்கவில்லை.

எனக்குத் தெரியும். 'சின்னப் பூனை' என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மா அப்பா, எனக்கு முன் பிறந்த அத்தனை பேரும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தார்கள். ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்: சார், எங்கள் ஆட்கள் இப்படிச் சொன்னால் பெரிய மிருகம் என்று பொருள். சேர்க்கக் கூடாது என்று சொன்னார்களே என்று நான் இப்போது வாதாடலாம். ஆனால் அந்தக் கட்டளை அப்போது என் நினைவிலேயே இல்லை.

என் நினைவில் இருந்தது அந்த வரி. பத்துக்குப் பத்து, பூஜ்யம், பணிவு. அவள் மூன்றாம் முறை குனிந்துகொண்டிருந்தபோதே அது முழுசாக வந்து நின்றுவிட்டது. கல்லூரிப் பத்திரிகையின் முதல் பக்கம் கண்ணில் தெரிந்தது. மறந்துவிடுமோ என்று பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அவள் தோற்றுக்கொண்டிருந்தாள், நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

[இந்த இடத்தில் நான் அழுததாக ஒரு வரி இருந்தது. அழவில்லை. அடித்துவிட்டேன்.]

நடந்து திரும்பும்போது டீகாவ் என் கையைப் பார்த்துவிட்டாள். மணலில் எறும்பு திரும்பிப் போனதையே பார்க்கிறவள். என்ன அது என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பேத்தி. ஏதோ சின்னதா ஒரு வரி" என்றேன்.

அவள் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப பெரிய கறிதான். செத்தது யாரு?"

பிறகு வீடுவரைக்கும் இருவரும் பேசவில்லை. அவள் வாயில் புகைக்குழாயும் இல்லை.

6

முடிவுகள். நேர்மையான எழுத்தாளன் இரண்டு மூன்றைக் கொண்டுவந்து வைத்து வாசகரை எடுத்துக்கொள்ளச் சொல்வான். நானும் வைக்கிறேன்.

முடிவு அ: வியாழக்கிழமை நான் பொய்யாக மொழிபெயர்க்கிறேன். அவள் 'ஏதோ சின்னது' என்கிறாள், நான் 'பெண் சிறுத்தை, விடிவதற்கு முன்' என்கிறேன். கைதட்டல். இதில் ஒரே ஓர் ஓட்டை. வியாழக்கிழமை வேறு தடங்கள் இருக்கும். 'சின்னது' என்றால் பெரியது என்பதுவரை எனக்குத் தெரியும். என்ன பெரியது என்று தெரியாது. எனக்குத் தடம் பார்க்க வராது. பள்ளி விடுதி, பிறகு கல்லூரி விடுதி, சிமெண்ட்டுத் தரை. ஒருமுறை சிறுத்தை என்று நினைத்து அரைமணி நேரம் பின்தொடர்ந்து போய், முடிவில் என் சித்தப்பாவின் நாயிடம் போய்ச் சேர்ந்தேன். அது வாலாட்டியது.

முடிவு ஆ: ஏழாவது வரிசையை நீக்கக் கோரித் தலைநகருக்கு விண்ணப்பம் எழுதுகிறேன். எழுதினேன், நிஜமாகவே. நல்ல விண்ணப்பம். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று உடனே பதில் வந்துவிட்டது, கணினியிடமிருந்து. மனிதரிடமிருந்து பதில் வருவதற்குள் கோரே கல்லூரிக்கு வந்துவிடுவாள்.

முடிவு இ: டீகாவ் பெருமை பேசக் கற்றுக்கொள்கிறாள்.

இது ஒன்றுதான் நடக்கக் கூடியதாகத் தெரிந்தது. என்னைப் பார்க்கவே விரும்பாதவளிடம் செவ்வாய்க்கிழமை போய், உண்மை முழுவதையும் சொல்லி, இதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தாத்தாவுக்கு மூளை இருக்கு. என்ன, வாரத்துக்கு ஒரு நாள்தான் திறக்குறாங்க, மையத்தோட கூடம் மாதிரி" என்றாள். திட்டிவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

7

புதன்கிழமை மதியம், தண்ணீர்க் குழாயடியில், பெருமை பேசும் பயிற்சி வகுப்பு நடந்தது. பாரம்பரியத்தில் வேரூன்றாத ஒரே தொழிற்பயிற்சி அதுதான்.

தேர்வாளராக நடித்தவள் சூக்கோ, டீகாவின் ஒன்றுவிட்ட தங்கை. கையில் படிவத்துக்குப் பதில் சட்டி மூடி. மணலில் தன் செருப்பை அழுத்திவிட்டு அதைச் சுற்றி வட்டம் போட்டாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நான், "எனக்குத் தெரியும், நான் கண்டுபிடித்தேன், எனக்கு நிகர் யாருமில்லை" என்று மூன்று வாக்கியம் எழுதிக்கொடுத்திருந்தேன்.

டீகாவ் எழுந்து நின்றாள். 'எனக்கு' என்றாள். சிரித்துவிட்டாள். மறுபடி நின்றாள். "எனக்குத் தடம் பாக்கத் தெரியும். கொஞ்சம்" என்றாள்.

"கொஞ்சத்தை வெட்டு" என்றாள் சூக்கோ.

"எனக்குத் தடம் பாக்கத் தெரியும், உங்க அளவுக்கு இல்லாட்டியும்."

"வாலையும் வெட்டு."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீகாவ் சுற்றிலும் பார்த்தாள். அடுத்த வாக்கியம் வாயில் இருந்தது. பெண்கள் முகங்களில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. விளையாட்டுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருத்தி எழுந்து வாளியை நிமிர்த்தினாள். டீகாவ் உட்கார்ந்துவிட்டாள். இவர்களோடுதான் நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தாத்தா, என்று மெதுவாகச் சொன்னாள்.

என்னுடைய மூன்று வாக்கியங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இதைச் சொல்கிறவளுக்கு முகாமில் வேலை கிடைக்கும், ஊரில் நெருப்போரம் இடம் கிடைக்காது என்றாள். பண்ணைக்குப் போய்விடலாம் என்றும் சொன்னாள். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் பொய்யும் சொல்ல வேண்டியதில்லையாம்.

சட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்த சூக்கோவுக்குத்தான் அது தோன்றியது.

"சொந்த அம்பை வெச்சுக்கிட்டு எவளாவது பெருமை பேசுவாளா? அம்பை மாத்து."

எங்களிடம் கறிக்குச் சொந்தக்காரர் எய்தவர் அல்ல, அம்புக்காரர். அதனால் வேட்டைக்காரர்கள் அம்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். அடுத்தவர் அம்பால் அடித்துவிட்டால், 'அது அவன் அம்பு, தானாகப் போய்க் குத்தியது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். கறியைப் பங்கு போடும் தலைவலி அம்புக்காரருக்கு.

டீகாவ் யோசித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"தாத்தா, உன் அம்பைக் குடு."

எனக்கு நாய்த்தடம் எது, சிறுத்தைத்தடம் எது என்றே தெரியாதே, என் பெயரைச் சொல்லி என்ன சொல்லப் போகிறாய் என்று பதறினேன்.

"அம்புக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றாள் சூக்கோ. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எழுந்தவள் வாளியை மறுபடி கவிழ்த்தாள்.

8

வியாழக்கிழமை. வண்டிக்கு நான்கு டயரும் இருந்தன. திங்கட்கிழமையே தேறிவிட்ட நால்வரும் வேடிக்கை பார்க்க மரத்தடிக்கு வந்திருந்தார்கள்.

முதல் நான்கு வட்டங்களையும் டீகாவ் தன் அம்பாலேயே முடித்தாள்: கினிக்கோழி, பாம்பு, முயல், மறுபடி அதே முள்ளம்பன்றி. ஐந்தாவது வட்டம் வறண்ட ஏரியின் ஓரத்தில் இருந்தது. நான் பார்த்தவரை நாய். அவள் குனிந்தாள். தடத்தை ஒட்டி முப்பது நாற்பது அடி போனாள், திரும்பி வந்தாள். கூட்டிலிருந்து அம்பை உருவுவதுபோல என் தோளில் கை வைத்தாள். அவளிடமிருந்து அதற்கு முன் நான் கேட்டிராத குரலில், மரத்தடிவரை கேட்கும்படி சொன்னாள்:

"தாத்தா சொல்றாரு, இது ஊர் நாய் இல்ல, காட்டுநாய். மூணு. முன்னால போறது பொட்டை. அதுக்கு வயித்துல குட்டி இருக்கு, அதான் பின்னங்காலை அகட்டி வெச்சிருக்கு. விடியுறப்பதான் போயிருக்குங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டு வடக்க திரும்பிருச்சுங்க. குட்டி போடக் குழி தேடுதுங்க. தாத்தா சொல்றாரு, முகாம் வண்டியை ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் விட வேண்டாம்."

நான் சேர்க்கவில்லை. குறைக்கவில்லை. 'தாத்தா சொல்கிறார்' என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன்.

இப்பிங்கே சுற்றிலும் பார்த்தார். "எந்தத் தாத்தா?"

"நான்தான் சார்."

அவர் என் முகத்தில் மீசை முளைக்கப் பாடுபடும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்றேன்.

"இது பணிவா, நிஜமா?"

"நிஜம் சார்."

அவர் கால்விரலில் நடந்து தடத்தோடு போனார். தூரத்தில் ஓரிடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். நெடுநேரம் எழவில்லை. திரும்பி வந்தபோது, காட்டுநாய் என்றுதான் தான் குறித்து வைத்திருந்ததாகவும், வயிற்றுக் குட்டி தன் குறிப்பில் இல்லை என்றும் சொன்னார். பிறகு படிவத்தைப் புரட்டி மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். தன் சொந்தத் திறனாக. பேனா ஏழாவது வரிசைமேல் நின்றது.

"இப்ப சொல்லுங்க. பதில் யாரோடது?"

நான் டீகாவைக் கேட்டேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு, "தாத்தாவோட அம்பு. அவரையே கேக்கச் சொல்லு" என்றாள்.

என் வாழ்க்கையில் முதல் முறையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் எதையும் கிண்டல் செய்யாதபோது. மரத்தடியில் நால்வரும் எழுந்து நின்றார்கள். நான் இப்பிங்கேயின் பாடநூலைக் கேட்டு வாங்கினேன். நான்காம் பாடம், பதினொன்றாம் பக்கம்: 'அம்பின் உரிமையாளரே இறைச்சிக்கு உரியவர். பங்கிடும் கடமையும் அவருடையதே.' தலைநகரில் அச்சிட்டது. அவரிடம் காட்டினேன்.

"அம்பு என்னோடது சார். அதனால பதிலும் என்னோடதுதான். இங்க எழுதியிருக்கிறபடி பங்கு போடவேண்டியதும் நான்."

"போடு" என்றார்.

"முழுக்க என் பேத்திக்கு" என்றேன், இரண்டு மொழியிலும்.

டீகாவ் என் தோளில் இருந்த கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். முழுவதையும் ஒருத்திக்கே கொடுக்கும் வழக்கம் எங்கே இருக்கிறது, ஊர் சிரிக்கும், நீயும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். என்ன எடுத்துக்கொள்வது? என் உள்ளங்கையைப் பிடித்து விரித்தாள். திங்கட்கிழமை எழுதியது பாதி அழிந்திருந்தது.

"இந்த வரியை எடுத்துக்க. அந்த எலும்புல கறியே இல்ல."

முதல் பகுதியில் ஒரு குறிப்பு போட்டிருந்தேன். அது இல்லாமலும் எனக்குப் புரிந்தது.

என் பங்கு இதுதான், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. கல்லூரிப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை.

9

இப்பிங்கே எழுதினாரா, என்ன எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. பேனா இன்னும் ஏழாவது வரிசைமேல்தான் நிற்கிறது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் இந்த மாதிரிக் கதைகளில் மரியாதை. ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள். நான் நெருப்போரம் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்கிறீர்கள்.

நான் எதற்கு லாயக்கு. ஒன்றும் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை கல்லூரி வண்டிக்காகப் பாதையோரம் காத்திருந்தபோது, மணலில் இரண்டு ஜோடிக் காலடிகள் பக்கம் பக்கமாகப் போயிருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பள்ளிக்கூட வாசல்வரைக்கும் சேர்ந்தே போயிருந்தன. அங்கிருந்து பெரியது மட்டும் தனியாகத் திரும்பியிருந்தது. பண்ணைக்குப் போகும் வண்டி நிற்கும் பக்கம் இல்லை, முகாம் பக்கமாக. யாருடையவை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தடம் பார்க்க வராது, என் கண்ணும் சரியில்லை.

ஏதோ சின்னதாக ஒன்று.